மழை வராத படம்

இருந்தவர்கள்: நீள சோபாவின் வலது மூலையில் கணவர், ஒரு காலை மடித்து அதன் மேல் உட்கார்ந்தபடி. இடது மூலையில் மகள், ஒரு காதில் மட்டும் இயர்போன். ஜன்னலோரத்து நாற்காலியில் மாமியார், இன்னும் தியேட்டரிலேயே இருப்பவரைப் போல மடியில் கைப்பையை இறுக்கிக்கொண்டு. கதவை ஒட்டிய முக்காலியில் கீழ்வீட்டுப் பல் டாக்டர். சோபாவில் இடம் இருந்தாலும் அவருக்கு முக்காலிதான் பிடிக்கும். இதோ கிளம்பப்போகிறேன் என்கிற பாவனை அதில்தான் வரும். அப்படி அவர் கிளம்பியதாகச் சரித்திரம் இல்லை. சாப்பாட்டு மேஜையில், எல்லோர் முகமும் தெரிகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அக்கா.

தம்பி ஒருவன் கூப்பிட ஆரம்பித்த பெயர் அது. தெரு முழுக்கப் பரவி, அவளைவிட மூத்தவரான பல் டாக்டர் வாயிலும் ஏறிவிட்டது.

மேலே சொன்ன பட்டியலை அப்படியே கடிதத்தாளின் தலைப்பில் எழுதி, கீழே கோடு போட்டுவிட்டு, அக்கா நிமிர்ந்தாள். அவள் வேலை செய்வது லிப்ட் பராமரிக்கும் கம்பெனியில், புகார் எடுக்கும் மேஜையில். லிப்ட் பாதியில் நின்றுவிட்டது என்று யாராவது கூப்பிட்டால் முதல் கேள்வி, உள்ளே யார் யார், யார் எங்கே நிற்கிறீர்கள். பிறகு எந்த மாடி. பிறகு கதவு எவ்வளவு திறந்திருக்கிறது, விளக்கு எரிகிறதா. மாட்டிக்கொண்டவர் அழுதாலும் வரிசை மாறாது. பதில் சொல்லச் சொல்ல அவரும் அழுகையை மறந்துவிடுவார். சிறிய ஊர்ப் பள்ளிக்கூடத்தில், இடம், நாள், விளிப்பு, செய்தி என்று கடிதத்துக்கு வரிசை சொல்லிக்கொடுத்த டீச்சரின் கை அவளுடைய கையில் இன்னும் இருந்தது. வேலை அதை இன்னும் இறுக்கிவிட்டது.

இன்றைக்கு எழுதப்போவது தம்பிக்கு.

தம்பிக்கு வீட்டில் டப்பா என்று பெயர். சின்ன வயதில் சமையலறை டப்பாக்களைத் தட்டித் தட்டியே உள்ளே என்ன இருக்கிறது என்று திறக்காமல் சொல்லிவிடுவான். அப்புறம் அவனை விடுதியில் போட்டுப் படிக்க வைத்தார்கள். விடுதியில் சினிமா கிடையாது. அக்காதான் பார்த்த படங்களையெல்லாம் கடிதத்தில் எழுதி அனுப்புவாள். கதை, பாட்டு, சண்டை ஒன்றும் விடமாட்டாள். பதிலில் அவன் கேட்பது, வில்லன் வீட்டுக் கதவு திறக்கும்போது என்ன சத்தம் வந்தது என்பது. அடுத்த படத்திலிருந்து கதவுகளையும் கவனிக்க வேண்டியதாயிற்று.

அவன் கணக்குப் படித்து முடித்தான். முடித்த கையோடு படிப்பைப் பரண்மேல் போட்டுவிட்டுச் சினிமாவில் சத்தம் போடும் வேலைக்குப் போய்விட்டான். சத்தம் போடுவது என்றால் நிஜமாகவே அதுதான். படம் எடுத்து முடித்த பிறகு, திரையில் நடக்கிறவர்களின் காலைப் பார்த்துக்கொண்டே ஒரு மூடிய அறையில் தானும் நடந்து, அந்தக் காலடியைப் பதிவுசெய்ய வேண்டும். ஓடினால் ஓட வேண்டும். விழுந்தால் விழ வேண்டும். முதன்முதலாக ஒரு முழுப் படத்துக்கும் அவன் ஒருவனே நடந்திருந்தான். அந்தப் படம்தான் இப்போது வந்திருந்தது.

போன வாரம் போனில் சொன்னான். "அக்கா, கேக்கறவங்க எல்லாரும் சூப்பர்ங்கறாங்க. போன்ல வேற என்ன சொல்வாங்க. நீ படம் பாத்துட்டு எழுது. எழுதும்போது உனக்குப் பொய் வராது. நான் இல்லாட்டியும் அந்தப் படம் நடந்திருக்குமா, அத மட்டும் சொல்லு. நடந்திருக்கும்னு உனக்குத் தோணிச்சுன்னா மூட்டை கட்டிட்டு மாமா கம்பெனிக்கே வந்துடறேன்."

மாமா என்பது அக்காவின் கணவர். டைல்ஸ் கம்பெனியில் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவர். அங்கே கணக்குப் பிரிவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. மச்சானுக்காக அதை இந்த மாதக் கடைசி வரை யாருக்கும் போகாமல் கெஞ்சிக் கூத்தாடி நிறுத்தி வைத்திருந்தார்.

"கதை என்னடா?" என்று அக்கா கேட்டாள்.

"தெரியாதுக்கா. நான் காலத்தானே பாப்பேன். மழையில ஒருத்தன் மாடிப்படி ஏறுவான். அந்த இடத்த மட்டும் கண்ண மூடிக்கிட்டுக் கேளு."

அந்த இடம்தான் இப்போது அக்காவுக்கு உதைத்தது. மழை வரும் வரும் என்று படம் முழுக்கக் காத்திருந்தாள். இடைவேளைக்குப் பிறகு ஒருமுறை கழிவறைக்குப் போய்த் திரும்பினாள். மழை வரவேயில்லை. சரி, நாம் வெளியே போன நேரத்தில் பெய்து ஓய்ந்திருக்கும், மற்றவர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

"ஒவ்வொருத்தரா சொல்லுங்க. நீங்க சொல்றத அப்படியே எழுதப்போறேன். மொதல்ல படம் எப்படி?"

படத்தின் கதை, ஒரு பெரிய ஓட்டலின் தலைமைச் சமையல்காரனுக்கு ஒருநாள் நாக்கில் ருசி தெரியாமல் போய்விடுகிறது, அதை அவன் யாரிடமும் சொல்லாமல் மறைக்கிறான் என்பது.

கணவர் தொண்டையைச் செருமினார். "படம் நல்ல படம். என்ன, அடுப்பக் காட்டின அளவுக்கு ஆளக் காட்டல. ஆனா ஒண்ணு கவனிச்சியா, சமையக்கட்டு சுவத்துல ஒட்டியிருந்தது வெள்ளை டைல்ஸ். எண்ணெய் தெறிக்கிற எடத்துல வெள்ளை ஒட்டுவானா எவனாவது. அங்கயே எனக்கு நம்பிக்கை போயிடுச்சு."

"டைல்ஸ விடுங்க சார்," என்றார் பல் டாக்டர். "அந்த ஓட்டல் மொதலாளியா வர்றாரே, மேல்வரிசை முழுக்க கட்டின பல்லு. ஏழை வீட்டுல பொறந்து வளந்தேன்னு அழறாரு. அழும்போது அவ்வளவு பல்லும் பளபளன்னு தெரியுது. எனக்கு அழுகை வரல, பில்லு எவ்வளவு ஆயிருக்கும்னுதான் ஓடுச்சு."

"உங்களுக்கு எந்தப் படத்துலதான் அழுகை வந்துச்சு, டாக்டர்?" என்றாள் அக்கா.

"போன மாசம் ஒண்ணு பாத்தோமே. அதுல அந்த அம்மா கடைவாய்ப் பல்லு வலியோட வண்டி ஓட்டிட்டுப் போவாங்க. அழுதுட்டேன்."

மகள் இயர்போனைக் கழற்றாமலே சொன்னாள். "பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை, எனக்கு நாக்கு மரத்துப்போச்சுன்னு சொல்லியிருந்தா படம் இடைவேளையிலேயே முடிஞ்சிருக்கும். இந்த ஆம்பளைங்க வாயத் திறக்காததாலதான் ரெண்டரை மணி நேரம் படம் ஓடுது."

"உங்க அப்பாவும்தான் வாயத் திறந்து எதையும் சொல்றதில்ல," என்றார் மாமியார். "ஆனா பாக்கறதுக்கு ஒரு நாளும் சுவாரஸ்யமா இருந்ததில்ல."

"அத்தை, நீங்க சொல்லுங்க. படம்?"

"படம் முழுக்க சமைக்கிறான். ஒருத்தருக்காவது உக்கார வெச்சுப் பரிமாறினானா? வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டுப் போறான். அவனுக்கு ருசி போனது ஆச்சரியமே இல்ல."

அக்கா இதை எழுதும்போது ஒரு நிமிடம் பேனாவை நிறுத்தினாள். படத்தில் அவளுக்கும் பிடித்த இடம் அதுதான். கடைசியில் அந்தச் சமையல்காரன் முதல்முறையாகச் சாப்பிட வந்தவர்களின் மேஜை வரைக்கும் நடந்து வருகிறான். பேசுவதில்லை. எதிரில் உட்கார்ந்து அவர்கள் சாப்பிடுவதைப் பார்க்கிறான். நல்ல படம், தம்பி நல்ல படத்தில் வேலை செய்திருக்கிறான் என்று மனசு குளிர்ந்துபோயிருந்தது.

"சரி. இப்ப முக்கியமான விஷயம். மழையில மாடிப்படி ஏறுற இடம். நான் வெளிய போயிட்டேன். எப்படி இருந்துச்சு?"

"அருமை," என்றார் கணவர், கேள்வி முடிவதற்குள். "டப்பா தூள் கிளப்பிட்டான்."

"மழையா அது," என்றார் பல் டாக்டர். "பல்லெல்லாம் கூசிப்போச்சு அக்கா."

"நல்லா இருந்துச்சும்மா," என்றாள் மகள், போனைப் பார்த்தபடி.

"எந்த மழை?" என்றார் மாமியார்.

"நீ தூங்கிட்டேம்மா," என்றார் கணவர்.

"தூங்கினா? வீட்டுல தூங்கறப்ப ஒரு தூறல் விழுந்தாலே மாடிக்கு ஓடித் துணி எடுக்கறவ நான். பக்கத்துலயே மழை கொட்டியிருக்கு, எனக்குத் தெரியாம போயிடுமா?"

"அது சினிமா மழைம்மா."

"எந்த மழையா இருந்தா என்ன. மழைன்னா முழிப்பு வரும்."

அக்கா தாளில் மூன்று அருமைகளையும் ஒரு 'எந்த மழை'யையும் எழுதிக்கொண்டாள். ஒரே லிப்டுக்குள் இருந்தவர்களில் மூன்று பேர் விளக்கு எரிந்தது என்றும் ஒருவர் விளக்கே இல்லை என்றும் சொன்னால் அவள் என்ன செய்வாளோ, அதைச் செய்தாள்.

"ஏறினது யாரு?"

"சமையல்காரன்தான்," என்றார் கணவர். அதே மூச்சில் பல் டாக்டர், "ஓட்டல் மொதலாளி," என்றார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எந்த மாடிக்கு?"

"மொட்டை மாடின்னு வெச்சுக்கோயேன்."

"வெச்சுக்க முடியாது. கால்ல செருப்பா, ஷூவா?"

"இருட்டும்மா அந்த சீன்," என்று கணவர் மென்று விழுங்கினார். "கால் எங்க தெரியுது?"

"டாக்டர்?"

பல் டாக்டர் முக்காலியில் நெளிந்தார். அவர் நாற்காலியில் வந்து உட்காருகிறவர்கள் எப்படி நெளிவார்களோ அப்படி. "உண்மையச் சொல்லிடறேன் அக்கா. நான் அந்த நேரம் பாப்கார்ன் வாங்கப் போயிட்டேன். தம்பி மொத மொத செஞ்ச வேலை, பாக்கலன்னா நல்லாவா இருக்கும்?"

"எனக்கும் கிடங்குலேந்து போன் வந்துச்சு," என்றார் கணவர், அசடு வழிய. "வெளிய போயிட்டு வந்தேன். அப்பதான் வந்திருக்கும்னு நெனச்சேன்."

மகள் இப்போதுதான் இயர்போனைக் கழற்றினாள். "நான் எங்கயும் போகல. மழையே வரல. டப்பா மாமா பாவம்னுதான் நல்லா இருந்துச்சுன்னு சொன்னேன்." பிறகு எதையோ யோசித்து, "டிரெய்லர்ல வந்த ஹீரோவும் வரல. செகண்ட் ஹாஃப்ல வருவாருன்னு கடைசி வரைக்கும் பாத்துட்டிருந்தேன்," என்றாள்.

அக்கா பேனாவை மூடி வைத்தாள்.

"டிக்கெட் எங்க?" என்றாள் அக்கா.

கணவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். படம் முடிந்து வீடு வரும் வரை டிக்கெட்டை யார் கையிலும் தராதவர் அவர். டார்ச் பிடிப்பவருக்கும் முஷ்டியை மட்டும்தான் காட்டுவார். டிக்கெட்டில் அரங்கு ஒன்று என்று இருந்தது.

"நாம தண்ணி வெச்சிருக்கிற பக்கத்துக் கதவுலதானே போனோம்?"

"ஆமா. நான் கூட பாட்டில்ல பிடிச்சேனே," என்றார் பல் டாக்டர்.

"அது அரங்கு ரெண்டு," என்றாள் மகள்.

இந்தக் குடும்பத்துக்குத்தான் இப்படி ஒரு தப்பு வாய்க்கும். விளம்பரம் பார்ப்பதைக் கணவர் தோல்வியாக நினைப்பவர். அதனால் எந்தப் படத்துக்கும் அவர்கள் பெயர் போடும்போது உள்ளே இருந்ததில்லை. வண்டியை முதலில் எடுத்துவிட வேண்டும் என்பதால் முடியும்போதும் பெயர் ஓடுவதைப் பார்த்ததில்லை. நடுவில் இருப்பதுதான் அவர்களுக்குப் படம். அன்றைக்குத் தம்பியின் பெயரைப் பார்க்க வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டாள். ஆனால் இருட்டில் மாமியாரைக் கைப்பிடித்து இறக்க வேண்டியிருந்தது, அதனால் பெயர் பார்க்கும் பொறுப்பைக் கணவர் தலையில் கட்டினாள்.

"நீங்கதான் பேரு வந்துச்சு, பாத்தேன்னு சொன்னீங்க," என்றாள்.

"ஏதோ ஒரு பேரு வந்துச்சு," என்றார் கணவர்.

மாமியார் சிரித்த சிரிப்பில் கைப்பை மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. "அத்தனை பேரும் சேர்ந்து வேற எவனோ போட்ட சத்தத்துக்குத் தூள் கிளப்பிட்டான்னு பட்டம் குடுத்தீங்களே. நான் தூங்கினேனாம்."

எல்லோரும் சிரித்து முடித்த பிறகு கணவர் மெல்ல ஆரம்பித்தார். "இப்ப என்ன ஆகிப்போச்சு. அருமைன்னே எழுதிடு. அவனும் சந்தோஷப்படுவான், நமக்கும் வேலை முடிஞ்சுது."

"போன்ல எல்லாரும் அதத்தான் சொல்றாங்கன்னுதானே அவன் என்னை எழுதச் சொன்னான்."

"அப்படின்னா ஒண்ணும் சரியில்லன்னு எழுது. இங்க வந்துடட்டும். நாற்காலி ரெடியா இருக்கு. நீயும்தானே அவன் பக்கத்துல இருக்கணும்னு சொல்லிட்டே இருப்பே."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அக்காவால் அதைச் சிரித்துத் தள்ள முடியவில்லை. தம்பி இங்கே வந்தால் மாடியில் காலியாக இருக்கும் அறையில் தங்குவான். சாயங்காலம் கணவரோடு ஒரே வண்டியில் வந்து இறங்குவான். சமையலறையில் டப்பாவைத் தட்டுவான். அதற்கு அவள் ஒரே ஒரு வரி எழுதினால் போதும். எழுதும்போது அவளுக்குப் பொய் வராது என்று நம்புகிற பையனிடம்.

அவள் தாளை நாலாக மடித்துப் புத்தகத்தில் வைத்தாள். "திரும்பப் போய்ப் பாத்துட்டுத்தான் எழுதுவேன்."

"வியாழனோட தூக்கிடறாங்க," என்றாள் மகள், போனில் தேடிப் பார்த்து.

புதன்கிழமை அக்கா அரைநாள் விடுப்புப் போட்டாள். கணவருக்குக் கிடங்கில் சரக்கு இறங்குகிறது. மகளுக்குப் பரீட்சை. பல் டாக்டருக்கு ஒரு வேர் சிகிச்சை பாதியில் நின்றது. "நான் வரேன்மா," என்றார் மாமியார். "எனக்கு என்ன வேலை. துணியக் காயப் போட்டுட்டு வந்துடறேன்."

அன்று இருவரும் முதல்முறையாக விளம்பரங்களை முழுசாகப் பார்த்தார்கள். மாமியாருக்கு அவை ரொம்பப் பிடித்திருந்தன. "இவ்வளவு நாளா இத எல்லாம் பாக்க விடாம பண்ணிட்டானே உன் புருஷன்," என்று ஆற்றாமைப்பட்டார். இது அரங்கு ஒன்றுதானே என்று அக்கா டார்ச்காரரிடம் மறுபடியும் கேட்டாள். "நேத்தும் ஒண்ணுதாங்க, இன்னைக்கும் ஒண்ணுதான்," என்றார் அவர், களைத்துப்போய்.

படம், உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், சுமார்தான். ஒருவன் தொலைந்துபோன அண்ணனைத் தேடி ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வருகிறான். வீடு வீடாகப் போய்க் கேட்கிறான். எல்லோரும் தெரியாது என்கிறார்கள். அடுத்த வீட்டுக்கு நடக்கிறான். ஆளில்லாத அரங்கில் அங்கொருவர் இங்கொருவராகக் கொட்டாவி விட்டார்கள். மாமியார் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, சீராக மூச்சு விட ஆரம்பித்தார்.

அக்கா காலடிகளைக் கவனித்தாள். ஒரு இடத்தில் பக்கத்து வீட்டுப் பெண் வெறுங்காலோடு கதவு வரைக்கும் வருகிறாள். சத்தம் மட்டும் செருப்புப் போட்ட சத்தம். அக்காவுக்கு மனசு துணுக்கென்றது. சினிமா பார்க்கிறவர்கள் யாருக்கும் இது தெரியப்போவதில்லை. ஆனால் அவள் பார்த்துவிட்டாளே. இதை எழுதினால் பையனுக்கு முகம் சுண்டிப்போகுமே. எழுதாமல் விட்டால் மற்றதை எழுதுவதில் என்ன மதிப்பு.

இடைவேளைக்குப் பிறகு இருட்டான ஒரு காட்சியில், எங்கோ ஒரு தகரத்தில் சொட்டென்று ஒன்று விழுந்தது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. பிறகு அரங்கின் பின்பக்கத்திலிருந்து மெல்ல நடந்து வருவது போல மழை வந்தது. திரையில் அவன் முகம் மட்டும். நனைந்த முகம், கொஞ்சம் மேலும் கீழும் அசைகிற முகம். அவ்வளவுதான். காலைக் காட்டவேயில்லை.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

முதலில் கல் படிகள். தண்ணீர் நிறைந்த ஷூ ஒவ்வொரு படியிலும் லேசாகப் பிழிந்துகொண்டது. ஒரு திருப்பம். அங்கே நின்று மூச்சு வாங்கினான். பிறகு சத்தம் மாறி மரப்படி. அதில் ஒரு படி மட்டும் ஆடியது. அதன் பிறகு அந்தப் படியை அவன் நம்பவில்லை. அடுத்தடுத்த படிகளில் காலை வைத்துப் பார்த்து வைத்துப் பார்த்து ஏறினான். அக்காவுக்கு அவன் எந்த மாடியில் இருக்கிறான் என்று தெரிந்தது. நாள் முழுக்க அடுத்தவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதுகிற விஷயம். இப்போது யாரையும் கேட்காமல், கண்ணைத் திறக்காமல் தெரிந்தது. மேலே இரும்புப் படி தொடங்கியபோது, அங்கே யாருமே இருக்கமாட்டார்கள் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

பக்கத்தில் நாற்காலி மடங்குகிற சத்தம்.

"ஏம்மா, துணி," என்றார் மாமியார்.

கண்ணைத் திறந்து பார்த்தால் மாமியார் எழுந்து நிற்கிறார். அரைத்தூக்கத்தில், ஒரு காலால் இருட்டில் செருப்பைத் தேடுகிறார். கைப்பை தோளில் ஏறிவிட்டது.

"அத்தை, உக்காருங்க."

"மழை வந்துருச்சும்மா. போர்வை ரெண்டு காயுது. நீ படம் பாத்துட்டு வா, நான் போறேன்."

"அம்மா, மறைக்குது," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"மறைக்குதா," என்றார் மாமியார், அந்தப் பக்கம் திரும்பி. "உங்க வீட்டுல ஒண்ணும் காயலையா?"

அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பதற்குள் திரையில் மழை விட்டுவிட்டது. மாமியாருக்கு மெதுவாக விளங்கியது. அங்கே இங்கே பார்த்தார். தோளிலிருந்து பையை இறக்கி மடியில் வைத்தார்.

"டப்பாவா?" என்றார் தாழ்ந்த குரலில்.

"ஆமாம் அத்தை."

"படவா," என்றார் மாமியார். அதற்குப் பிறகு அவர் தூங்கவில்லை.

படம் முடிந்து பெயர் ஓடியபோது இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டிப் பெருக்குகிறவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். தம்பியின் பெயர் ரொம்பக் கீழே, படத்தில் வரும் நாயைப் பழக்கியவரின் பெயருக்கும் கீழே, வந்த வேகத்தில் போய்விட்டது. மாமியாருக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ள நேரமில்லை. அக்கா பார்த்தாள்.

வெளியே கண்கூசும் வெயில். வீடு திரும்பியதும் மாமியார் மாடிக்குப் போய்ப் போர்வைகளைத் தொட்டுப் பார்த்தார். அப்பளமாகக் காய்ந்திருந்தன. இருந்தாலும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் காலை, வேலைக்குப் போகுமுன் அக்கா மேஜையில் உட்கார்ந்தாள். பழைய தாளை ஓரமாக வைத்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தாள். இருந்தவர்கள்: நடுவரிசையின் ஓரத்தில் மாமியார், அவருக்கு இடப்புறம் நான், பின்னால் பெயர் தெரியாத ஒருவர்.

முதலில் தப்பான அரங்கில் உட்கார்ந்த கதையை எழுதினாள், யார் யார் அருமை என்று சொன்னார்கள் என்பது உட்பட. பிறகு, தவறிப்போய்ப் பார்த்த அந்தப் படம் உன் படத்தைவிட நல்ல படம், முடிந்தால் பார் என்று எழுதினாள். பிறகு வெறுங்கால் பெண்ணின் செருப்புச் சத்தம். அங்கே பேனா கொஞ்சம் தயங்கியது. அதை எழுதிவிட்ட பிறகு வேகம் பிடித்தது. கல் படி, மரப்படி, ஆடிய படி, இரும்புப் படி. பின்பக்கத்திலிருந்து வந்த மழை. மாமியார் எழுந்து நின்றது, செருப்பைத் தேடியது, பின்னாலிருந்தவருக்குச் சொன்ன பதில், ஒன்றும் விடவில்லை.

கடைசிக் கேள்விதான் மிச்சம். நீ இல்லாவிட்டாலும் படம் நடந்திருக்குமா.

ஜன்னல் வழியாக மாடி அறையின் படிக்கட்டு தெரிந்தது. இரும்புப் படிதான். யாரும் ஏறி இறங்காமல் துரு பிடித்துக் கிடந்தது. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள்: 'அவர்கள் காட்டியது ஒரு முகத்தைத்தான். அந்த முகம் ஒரே இடத்தில் நின்றுகொண்டுகூட ஆடியிருக்கலாம். ஏறியது நீ. நீ இல்லாவிட்டால் அவன் கீழேயே நின்றிருப்பான். மாமா கம்பெனி நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறேன். லீவு கிடைக்கும்போது வா. மாடி அறையைப் பெருக்கி வைக்கிறேன்.'

கணவர் பல் தேய்த்துக்கொண்டே வந்து தோளுக்கு மேலாகப் படித்தார். கடைசி வரிகளில் பிரஷ் நின்றது.

"நாற்காலிய விட்டுடச் சொல்றியா? நாளைக்கே வேற ஆளப் போட்டுடுவாங்க."

"போடட்டும்."

"அவன வரவெக்கணும்னு நெனச்சது நீதான்."

"இப்பவும்தான் நெனைக்கிறேன். அதுக்காக எழுத முடியுமா?"

அவர் போய் வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்து, "நான் அருமைன்னு சொன்னத மட்டும் அடிச்சிடேன்," என்றார்.

"அது நடந்தது. அடிக்க முடியாது."

"அப்ப இப்பவும் அருமைன்னு நான் சொன்னதா சேர்த்துக்கோ. இந்தத் தடவ படிச்சிட்டுச் சொல்றேன்."

அதைச் சேர்த்துக்கொண்டாள். மாமியார் சமையலறையிலிருந்து, போர்வை நனையவில்லை என்று எழுதச் சொன்னார். அதையும் சேர்த்துக்கொண்டாள். தாளை மூன்றாக மடித்து உறையில் போட்டு, பசை தடவி, நாலு ஓரத்தையும் விரலால் அழுத்தினாள்.

வாசலில் பல் டாக்டர் தன் கதவைத் திறந்துகொண்டிருந்தார். "அக்கா, தம்பி படத்துல ஹீரோ பல்லு எப்படி?"

"மழையில வாயத் திறக்கல டாக்டர்."

"அடடா. அத எழுதினீங்களா?"

"ஒட்டியாச்சு."

தெருமுனையில் தபால்பெட்டி. அக்கா உறையை ஒருமுறை திருப்பி முகவரியைச் சரிபார்த்தாள். எழுத வேண்டியதெல்லாம் எழுதியாயிற்று. பெட்டியின் வாய்க்குள் உறையை நுழைத்து விட்டாள். பெட்டி காலிபோல. உள்ளே கடிதம் முதலில் பக்கவாட்டுத் தகரத்தில் உரசி, ஒரு கணம் ஒன்றுமில்லாமல் இருந்து, பிறகு அடியில் டப்பென்று விழுந்தது. இத்தனை வருஷத்தில் அவள் அந்தச் சத்தத்தைக் கவனித்ததேயில்லை. தம்பிக்கு அதையும் எழுதலாமென்றால், கடிதம் உள்ளே போய்விட்டிருந்தது.